இளநிலை வணிகப் பட்டம்: சேரும் முன்னும் சேர்ந்த பின்னும் எழும் கேள்விகள்

வணிகம் படிப்பது என்று முடிவு செய்துவிட்டவர்களும் இன்னும் யோசனையில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், ஒரே நாட்டுக்குள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகமும் மாறும். ஆனால் அடிப்படை அமைப்பு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். அது பிடிபட்டுவிட்டால் எந்தக் கல்லூரியின் விதிப்புத்தகத்தையும் நீங்களே படித்துப் புரிந்துகொள்ளலாம். பட்டத்தின் பெயரைவிட, உள்ளே எந்தப் பாடத்துக்கு முன்னால் எந்தப் பாடம் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கீழே பல பதில்களில் அது தலைகாட்டும்.

பிபிஏ, பி.காம்., பிஎஸ்சி, பிஎம்எஸ் (மேலாண்மைப் படிப்புப் பட்டம்) என்று இத்தனை பெயர்கள் இருக்கின்றனவே, எதில் சேர்வது?

பெயர்களுக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது, ஆனால் இன்று அந்தப் பெயரை மட்டும் நம்பி எதுவும் சொல்ல முடியாது. பி.காம். பிரிட்டிஷ் மரபில் வந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகம் 1902இல் வணிகத்துக்கென்று தனித் துறை தொடங்கியது. பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரி 1913இல் வந்தது. கணக்கியல், தணிக்கை, வரி, வணிகச் சட்டம் ஆகியவைதான் இந்த வழியின் பலம். பிபிஏ (வணிக நிர்வாகப் பட்டம்) அமெரிக்க வழி. அங்கே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் வணிகப் பள்ளி (பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் வணிகக் கல்லூரி) 1881லேயே தொடங்கிவிட்டது. நிர்வாகம், சந்தைப்படுத்தல், மனிதவளம், நிதி எல்லாவற்றையும் ஒரு சுற்று காட்டிவிட்டு அப்புறம் ஒன்றில் ஆழமாகப் போகவிடுவது இந்த வழியின் பாணி.

இப்போது குழப்பத்தைப் பாருங்கள். அதே வார்ட்டனில் சந்தைப்படுத்தல் படித்து முடிக்கும் மாணவருக்குக் கிடைக்கும் பட்டத்தின் பெயர் பொருளியலில் பி.எஸ். (பிஎஸ்சிக்கு அமெரிக்காவில் வழங்கும் பெயர்). கனடாவில் பி.காம். பெரும்பாலும் 4 வருடப் படிப்பு. உள்ளடக்கத்தில் அது இந்தியாவின் பி.காமைவிட பிபிஏவுக்குத்தான் நெருக்கம். இங்கிலாந்தில் ஒரே மாதிரிப் பாடங்களுக்கு ஓரிடத்தில் பி.ஏ., இன்னோரிடத்தில் பிஎஸ்சி. பிஎஸ்சி என்றால் கணிதமும் புள்ளியியலும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம், அவ்வளவுதான். ஆகவே இரண்டு கல்லூரிகளின் பாடப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்கியல் எத்தனை தாள், புள்ளியியல் எத்தனை தாள், விருப்பப் பாடத்துக்கு எவ்வளவு இடம் என்று எண்ணினாலே பெயர் சொல்லாததை அது சொல்லிவிடும்.

பள்ளியில் வணிகவியல் பிரிவு எடுத்திருக்க வேண்டுமா?

பெரும்பாலான இடங்களில் வேண்டியதில்லை. பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருந்தால் எந்தப் பிரிவு மாணவரும் பிபிஏவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே பொதுவான நிலை. பி.காமுக்குச் சில பல்கலைக்கழகங்கள் வணிகவியலோ கணக்குப்பதிவியலோ பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும்.

உண்மையில் எல்லாரும் உற்றுப் பார்ப்பது கணிதத்தைத்தான். பள்ளியின் கடைசி இரண்டு வருடம் கணிதம் எடுக்காமல் வந்தவருக்கு, பொருளியலும் நிதியும் கலந்த பட்டங்களில் பல கதவுகள் மூடியிருக்கும். அறிவியல் பிரிவிலிருந்து வருபவர்கள் கணக்குப்பதிவியல் தெரியாதே என்று பயப்படுகிறார்கள். அது தேவையில்லாத பயம். முதல் செமஸ்டரில் பற்று வரவிலிருந்தே தொடங்குவார்கள். பள்ளியிலேயே படித்தவர் முதல் இரண்டு மாதம் முன்னால் இருப்பார், அதற்குப் பிறகு இருவரும் ஒன்றுதான்.

எனக்குக் கணிதம் சுத்தமாக வராது. வணிகம் படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் கணிதத்தைத் தவிர்க்கலாம் என்ற எண்ணத்தோடு சேராதீர்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் வணிகப் பட்டத்தைப் பாதியில் விடுபவர்களில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஒரு காலத்தில் வணிகக் கல்வி என்றால் கடிதம் எழுதுவது, கணக்குப் புத்தகம் வைப்பது, விற்பனை நுணுக்கம் என்று தொழில்பயிற்சி மாதிரிதான் இருந்தது. 1959இல் அமெரிக்காவில் ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் ஒன்றும் கார்னகி அமைப்பின் ஆதரவில் ஒன்றுமாக இரண்டு பெரிய அறிக்கைகள் வெளிவந்தன. வணிகப் பள்ளிகளின் பாடம் மேலோட்டமாக இருக்கிறது, கணிதம், புள்ளியியல், பொருளியல், நடத்தை அறிவியல் ஆகியவற்றின் மீது அதைக் கட்ட வேண்டும் என்று இரண்டுமே சாடின. பிறகு வந்த பாடத்திட்டங்கள் அந்தப் பக்கம் திரும்பின. இன்று முதல் வருடத்திலேயே நுண்கணிதமும் (கால்குலஸ்) புள்ளியியலும் உட்கார்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு கணிதம்? சாதாரணமாக ஒரு செமஸ்டர் நுண்கணிதம் (வணிக மாணவர்களுக்கென்று எளிமையாக்கிய வடிவம் பல இடங்களில் உண்டு), ஒன்று அல்லது இரண்டு செமஸ்டர் புள்ளியியல். பொறியியல் மாணவர் படிக்கும் அளவுக்கு ஆழம் இருக்காது. இன்னும் ஒரு பொருளை உற்பத்தி செய்தால் செலவு எவ்வளவு கூடும் என்ற கேள்விக்கு நுண்கணிதத்தின் வகையீடு தேவைப்படுகிறது. விளம்பரம் உண்மையிலேயே விற்பனையைக் கூட்டியதா, அல்லது தற்செயலா என்று சோதிக்கப் புள்ளியியல் வேண்டும்.

நிதிப் பாடத்தின் அஸ்திவாரம் எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம். ஆண்டுக்கு 10 சதவீதக் கூட்டு வட்டியில் 1000 போட்டால் 3 வருடத்தில் 1331 ஆகும். அப்படியானால் 3 வருடம் கழித்துக் கைக்கு வரப்போகும் 1000த்தின் இன்றைய மதிப்பு என்ன? 1000த்தை 1.331ஆல் வகுத்தால் ஏறக்குறைய 751. இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்துவிட்டால் கடன் பத்திரத்தின் விலை, ஒரு புதிய ஆலையில் முதலீடு செய்யலாமா என்ற முடிவு, ஓய்வூதிய நிதிக் கணக்கு எல்லாம் இதன் விரிவுதான். இதைப் படித்துப் புரிந்துகொள்ள முடிந்ததென்றால் உங்களுக்குக் கணிதம் வராது என்பதை நான் நம்பமாட்டேன்.

பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்தவுடன் ஒரு தகுதிகாண் தேர்வு வைக்கும். அதில் குறைந்தால் ஆயத்தப் பாடம் ஒன்றை முதலில் படிக்கச் சொல்வார்கள். அது பெரும்பாலும் பட்டத்துக்கான கணக்கில் சேராது, நேரமும் போகும். எனவே சேர்வதற்கு முந்தைய விடுமுறையில் இயற்கணிதத்தையும் சதவீதம், மடக்கை, வரைபடம் ஆகியவற்றையும் ஒருமுறை தூசி தட்டிவிட்டுப் போவது நல்லது.

கிரெடிட் என்கிறார்களே, அது என்ன? எத்தனை வேண்டும்?

ஒரு பாடத்துக்கு நீங்கள் தர வேண்டிய உழைப்பின் அளவு. அமெரிக்க செமஸ்டர் முறையில் வாரம் ஒரு மணி நேர வகுப்பும், அதற்கு வெளியே சுமார் இரண்டு மணி நேர வேலையும், ஏறத்தாழ 15 வாரம் நடந்தால் ஒரு கிரெடிட். பட்டத்துக்கு வழக்கமாக 120 வேண்டும். ஒரு பாடம் 3 கிரெடிட் என்றால் 40 பாடங்கள். வருடத்தை மூன்று காலாண்டாகப் பிரிக்கும் இடங்களில் இதுவே 180 ஆகும்.

ஐரோப்பாவில் ஒரு முழு வருடத்துக்கு 60. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இளநிலைப் பட்டம் 180இலிருந்து 240 வரை. இங்கிலாந்தில் வருடத்துக்கு 120, ஹானர்ஸ் பட்டத்துக்கு 360. அங்கத்திய இரண்டு கிரெடிட் ஐரோப்பிய ஒன்றுக்குச் சமம். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பின்படி 3 வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 120, 4 வருட ஹானர்ஸ் பட்டத்துக்கு 160. நான்காம் வருடம் ஆய்வோடு கூடிய ஹானர்ஸ் வேண்டுமென்றால் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்திருக்க வேண்டும்.

எண்களை நேராக ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். அமெரிக்காவின் 120ஐயும் ஐரோப்பாவின் 180ஐயும் பார்த்துவிட்டு ஐரோப்பாவில்தான் பாரம் அதிகம் என்று சொல்வது, மைலையும் கிலோமீட்டரையும் ஒப்பிட்டுத் தூரம் பேசுவது மாதிரி.

எல்லாரும் கட்டாயம் படிக்கும் பாடங்கள் எவை?

நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், நுண்ணியல் பொருளியல், பேரியல் பொருளியல், புள்ளியியல், வணிகச் சட்டம், சந்தைப்படுத்தல், நிதி மேலாண்மை, நிறுவன நடத்தை, செயல்பாட்டு மேலாண்மை, தகவல் அமைப்புகள், கடைசியில் வணிக உத்தி. பெயர் சற்று மாறலாம், ஒன்றிரண்டு சேரலாம் விலகலாம், ஆனால் உலகம் முழுக்க மையப் பாடங்கள், அதாவது கருப்பாடங்கள், இவைதான். தொழில் நெறிமுறை சில இடங்களில் தனிப் பாடம், சில இடங்களில் எல்லாப் பாடத்திலும் கரைந்திருக்கும்.

மாணவர்கள் குறைவாக எடைபோடுவது செயல்பாட்டு மேலாண்மையை. பெயரே சுவாரசியம் இல்லாமல் இருப்பது காரணமாக இருக்கலாம். ஆனால் வகுப்பில் ஆடும் ஒரு விளையாட்டு போதும், எண்ணம் மாறிவிடும். 1960 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டரின் குழுவிலிருந்து வந்த விநியோக விளையாட்டு அது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர் வரிசையில் உட்கார்வார்கள். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் அனுப்பலாம். வாடிக்கையாளர் தேவை வாரத்துக்கு 4 பெட்டியிலிருந்து ஒரே ஒரு முறை 8 ஆகிறது, அதற்கு மேல் மாறுவதே இல்லை. ஆனால் சரக்கு வந்துசேர எடுக்கும் தாமதத்தில் ஒவ்வொருவரும் பதறி, கூடுதலாகக் கூடுதலாக ஆர்டர் போட, ஆலைக்குப் போய்ச் சேரும்போது அது பூதாகரமாகிவிடும். கொஞ்ச வாரத்தில் எல்லாருடைய கிடங்கும் நிரம்பி வழியும். தவறு யார் மீது என்று வகுப்பே சண்டை போடும். யார் மீதும் இல்லை, அமைப்பே அப்படி என்று ஆசிரியர் வரைபடத்தைக் காட்டும் கட்டத்தில்தான் அந்தப் பாடம் ஏன் கட்டாயம் என்பது விளங்கும்.

வணிகப் பட்டத்தில் இலக்கியமும் வரலாறும் ஏன் படிக்கச் சொல்கிறார்கள்?

அமெரிக்க முறையில் பொதுக்கல்வி என்று ஒரு பெரிய பகுதி உண்டு. எழுத்துப் பயிற்சி, அறிவியல், சமூகவியல், கலை, சில இடங்களில் வேற்றுமொழி ஒன்று. பட்டத்தின் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ அது பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் இது கிடையாது, முதல் நாளிலிருந்தே உங்கள் துறைதான். அதனால்தான் அங்கே 3 வருடத்தில் முடிகிறது. இந்தியாவில் மொழிப் பாடங்களும், சுற்றுச்சூழல் போன்ற பொதுப் பாடங்களும் அந்த இடத்தில் இருக்கின்றன. எழுத்துப் பாடத்தை மட்டும் ஒப்புக்குப் படிக்காதீர்கள். வேலைக்குப் போன பிறகு நீங்கள் நாள் முழுக்கச் செய்யப்போவது அதைத்தான்.

முன்தேவைப் பாடம் என்றால் என்ன? அதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

ஒரு பாடத்தில் பதிவு செய்யும் முன் நீங்கள் தேறியிருக்க வேண்டிய இன்னொரு பாடம். விதிப்புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் கீழும் பொடி எழுத்தில் ஒரு வரியாக இருக்கும். யாரும் படிப்பதில்லை. ஆனால் எந்த வருடம் பட்டம் வாங்குவீர்கள் என்பதைத் தீர்மானிப்பது அந்த வரிதான்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நீங்கள் நிதித் துறையில் சிறப்புப் பாடம் எடுக்க நினைக்கிறீர்கள், மொத்தம் 8 செமஸ்டர். முதல் செமஸ்டரில் கணிதம், இரண்டாவதில் புள்ளியியல், மூன்றாவதில் நிதி மேலாண்மை, ஐந்தாவதில் முதலீட்டியல், ஏழாவதில் டெரிவேட்டிவ்ஸ் (பங்கு போன்ற இன்னொன்றின் விலையைச் சார்ந்து மதிப்பு மாறும் ஒப்பந்தங்கள்). ஒவ்வொன்றுக்கும் முந்தையது முன்தேவை. கணிதம் எல்லா செமஸ்டரிலும் நடத்தப்படுகிறது, மற்றவை வருடத்துக்கு ஒருமுறைதான். முதல் செமஸ்டரில் கணிதம் போய்விட்டது என்று வையுங்கள். இரண்டாவதில் திரும்பப் படித்துத் தேறிவிடுகிறீர்கள். ஒரு செமஸ்டர்தானே என்று தோன்றும். ஆனால் புள்ளியியல் இனி நான்காவதில்தான் வரும். நிதி மேலாண்மை ஐந்தாவது, முதலீட்டியல் ஏழாவது, டெரிவேட்டிவ்ஸ் ஒன்பதாவது. எட்டோடு முடிய வேண்டிய பட்டம் ஒன்பதாவது செமஸ்டருக்குப் போய்விட்டது. அந்த வருடத்துக் கட்டணம், தங்குமிடச் செலவு, வெளிநாட்டு மாணவராக இருந்தால் விசா நீட்டிப்பு எல்லாம் பின்னாலேயே வரும்.

இதற்கு மருந்து எளிது. சேர்ந்த முதல் வாரமே உங்கள் கடைசி வருடப் பாடத்தை எடுத்து, அதற்கு முன்தேவை எது, அதற்கு முன்தேவை எது என்று பின்னோக்கி ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். நீளமான சங்கிலி எது என்று தெரிந்துவிடும். அந்தச் சங்கிலியில் உள்ள பாடத்தை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். தனியாக நிற்கும் பாடங்களை, அதாவது பொதுக்கல்வியையும் விருப்பப் பாடங்களையும், எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம்.

மாணவர்கள் எல்லாரும் ஒரே அட்டவணையில் ஒன்றாக நகரும் கல்லூரிகளில் இந்தச் சங்கிலி கண்ணுக்குத் தெரியாது. அரியர் வைத்துக்கொண்டே அடுத்த செமஸ்டருக்குப் போய்விடலாம். அதனால் சங்கிலி இல்லை என்று அர்த்தமில்லை. புள்ளியியலில் அரியர் வைத்தவர் சந்தை ஆய்வு வகுப்பில் என்ன புரிந்துகொள்வார்?

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. வணிகப் பள்ளியிலும் இடம் உறுதிதானா?

எல்லா இடத்திலும் இல்லை. பல அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் இரண்டு வருடம் நீங்கள் வணிக ஆயத்த மாணவர் மட்டுமே. கணக்கியல், பொருளியல், கணிதம், புள்ளியியல் ஆகிய அடித்தளப் பாடங்களை முடித்து, குறிப்பிட்ட சராசரியோடு மறுபடி விண்ணப்பித்தால்தான் மேல்நிலைப் பாடங்களுக்குள் விடுவார்கள். குறைந்தபட்சச் சராசரி என்று போட்டிருப்பது விண்ணப்பிக்கும் தகுதிதான். போட்டி இருக்கும் இடத்தில் உள்ளே போகிறவர்களின் சராசரி அதைவிட மேலே இருக்கும். நேரடிச் சேர்க்கையா, இரண்டாம் வருட விண்ணப்பமா என்பதை ஏற்பதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மதிப்பெண் எவ்வளவு இருந்தால் போதும்?

அமெரிக்க முறையில் ஏ 4, பி 3, சி 2, டி 1. ஒவ்வொன்றையும் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 4 கிரெடிட் பாடத்தில் பி, 3 கிரெடிட் பாடங்கள் இரண்டில் ஒன்றில் சி, மற்றதில் ஏ என்றால் 12, 6, 12 கூட்டி 30, அதை 10ஆல் வகுத்தால் 3.0. பட்டம் வாங்க வழக்கமாக 2.0 வேண்டும்.

பொறி எங்கே என்றால், மொத்தச் சராசரி வேறு, வணிகப் பாடங்களின் சராசரி வேறு. இரண்டிலும் 2.0 கேட்கும் இடங்கள் நிறைய. அதோடு கருப்பாடங்களில் சி மதிப்பெண்ணுக்குக் குறையக் கூடாது என்ற விதியும் பரவலாக உண்டு. டி வாங்கினால் பல்கலைக்கழகக் கணக்கில் தேர்ச்சி, வணிகப் பள்ளிக் கணக்கில் மறுபடி படிக்க வேண்டும். இந்த ஒரு விதி தெரியாமல் கடைசி வருடத்தில் மாட்டுபவர்கள் உண்டு.

இங்கிலாந்தில் 70க்கு மேல் முதல் வகுப்பு, 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல்நிலை, 50 முதல் 59 வரை அதன் கீழ்நிலை, 40க்கு மேல் மூன்றாம் வகுப்பு. அங்கே 70 என்பது மிக நல்ல மதிப்பெண். 90க்குப் பழகிய மாணவர்கள் முதல் கட்டுரையில் 62 வாங்கிவிட்டு அழுதுகொண்டு வருவார்கள். அழத் தேவையில்லை. பல பல்கலைக்கழகங்களில் முதல் வருட மதிப்பெண் இறுதி வகுப்புக் கணக்கில் சேர்வதில்லை, தேறினால் போதும்.

ஒரு பாடத்தில் தோற்றுவிட்டால்?

மறுபடி எழுதலாம் அல்லது மறுபடி படிக்கலாம். இங்கிலாந்தில் மறுதேர்வில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெரும்பாலும் தேர்ச்சி மதிப்பெண்ணான 40தான் பதிவாகும். அமெரிக்காவில் பழைய மதிப்பெண்ணைப் புதியது மாற்றிவிடுமா, இரண்டும் சேர்ந்து சராசரி ஆகுமா என்பது பல்கலைக்கழகத்தின் விதி. எத்தனை முறை திரும்பப் படிக்கலாம் என்பதற்கும் வரம்பு இருக்கும். தோற்பது உறுதி என்று தெரிந்தால் விலகுவதற்கான கடைசித் தேதிக்குள் விலகுவது சில சமயம் புத்திசாலித்தனம். ஆனால் அதற்கு முன் உதவித்தொகை விதியைப் பாருங்கள், குறைந்தபட்சக் கிரெடிட் பதிவு கேட்கும் உதவித்தொகைகள் உண்டு.

சிறப்புத் துறையை எப்போது முடிவு செய்ய வேண்டும்?

4 வருடப் பட்டத்தில் இரண்டாம் வருட முடிவுக்குள், 3 வருடப் பட்டத்தில் அதற்கும் முன்னால். சேரும்போதே முடிவு செய்தாக வேண்டும் என்றில்லை. ஒரே விதிவிலக்கு கணக்கியல். அதன் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை, தாமதமாக நுழைந்தால் முடிக்க நேரம் போதாது. சந்தைப்படுத்தலோ மனிதவளமோ அப்படி இல்லை, மூன்றாம் வருடத்திலும் தாவலாம்.

இரட்டைச் சிறப்புத் துறை எடுத்தால் வேலைக்கு நல்லதா?

இரண்டும் வணிகத்துக்குள்ளேயே என்றால் பெரிதாக எதுவும் கூடுவதில்லை என்பது என் கருத்து. வணிகத்தோடு கணினியியலோ புள்ளியியலோ ஒரு மொழியோ துணைப்பாடமாக எடுத்தால் பலன் தெரியும்.

இன்டர்ன்ஷிப் கட்டாயமா? கடைசி வருடத் திட்டப்பணி என்பது என்ன?

இன்டர்ன்ஷிப் சில இடத்தில் கட்டாயம், பல இடத்தில் விருப்பம். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் இரண்டாம் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும் நடுவே ஒரு முழு வருடம் நிறுவனத்தில் வேலை பார்க்கும் சாண்ட்விச் பட்டம் உண்டு. படிப்பு 4 வருடமாகும், ஆனால் வெளியே வரும்போது ஒரு வருட அனுபவம் கையில் இருக்கும். இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட் வேண்டுமென்றால் போகும் முன்னாலேயே துறையில் ஒப்புதல் வாங்க வேண்டும். முடித்துவிட்டு வந்து கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

கடைசி வருடத்தில் வணிக உத்திப் பாடம் வரும். குழுவாகச் சேர்ந்து ஒரு கற்பனை நிறுவனத்தைக் கணினியில் நடத்துவது, அல்லது உண்மையான நிறுவனத்தின் சிக்கலை ஆராய்ந்து அறிக்கை தருவது. கருப்பாடங்கள் அனைத்தும் இதற்கு முன்தேவை. ஒன்று பாக்கி இருந்தாலும் விடமாட்டார்கள். ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்கள் வாய்ப்பிருந்தால் ஆய்வேட்டைத் தேர்ந்தெடுங்கள்.

வேறு கல்லூரியில் படித்த கிரெடிட்டை எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்வார்கள், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் போடுவார்களா என்பதுதான் கேள்வி. கிரெடிட் வந்து விருப்பப் பாடமாக உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் நிதி மேலாண்மையை மறுபடி படிக்க வேண்டியிருக்கும். முதலிரண்டு வருட நிலையில் படித்த பாடத்தை மேல்நிலைப் பாடத்துக்கு ஈடாக வணிகப் பள்ளிகள் ஏற்கத் தயங்கும். மதிப்பெண் பொதுவாக மாறி வராது, கிரெடிட் மட்டும்தான். பட்டம் தரும் பல்கலைக்கழகத்திலேயே குறிப்பிட்ட அளவு, அமெரிக்காவில் பல இடங்களில் 30 கிரெடிட்டாவது, படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். வணிகப் பாடங்களில் பாதியையாவது இங்கேயே படி என்று தனியாகவும் கேட்பார்கள்.

ஒரு காரியம் மட்டும் மறக்காமல் செய்யுங்கள். படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும், வாரவாரியாக என்ன நடந்தது, எந்தப் பாடநூல் என்ற விவரத்தோடு, சேமித்து வையுங்கள். சான்றிதழில் பாடத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். மதிப்பிடுபவர் கேட்பது பாடத்திட்டத்தை.

அங்கீகாரம் என்று பல பெயர்கள் சொல்கிறார்களே, எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டு அடுக்கு உண்டு. முதலாவது, அந்த நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமை இருக்கிறதா என்பது. இது இல்லையென்றால் மேலே பேசவே வேண்டாம். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பார்க்க வேண்டும். 2024-25 கல்வியாண்டிலிருந்து பிபிஏ, பிசிஏ படிப்புகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் ஒப்புதல் வரம்புக்குள்ளும் வந்துவிட்டன.

இரண்டாவது, வணிகப் பள்ளிக்கென்று தனியாகத் தரப்படும் சர்வதேச அங்கீகாரம். 1916இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஏசிஎஸ்பி இதில் மூத்தது. ஐரோப்பாவிலிருந்து ஈக்விஸ். ஆம்பா என்ற மூன்றாவது பெயர் முதுநிலைப் படிப்புகளுக்கானது. ஒரு பள்ளி அதைக் காட்டி இளநிலைக்கு விளம்பரம் செய்தால் கொஞ்சம் கவனமாக இருங்கள். இந்த இரண்டாம் அடுக்கு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடிமுழுகிப் போகாது. ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ வெளிநாட்டில் தொடர நினைப்பவர்களுக்கு அது கூடுதலாக உதவும்.

கணக்காயர் தேர்வுகளில் இந்தப் பட்டத்துக்குச் சலுகை உண்டா?

உண்டு. பிரிட்டனின் கணக்காயர் அமைப்பான ஏசிசிஏ, பட்டத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்து 9 தாள்கள் வரை விலக்கு தந்துவந்திருக்கிறது. விலக்கு பட்டத்தின் பெயருக்கு அல்ல, நீங்கள் படித்த தனித்தனிப் பாடங்களுக்கு. இந்தியாவின் சி.ஏ.வில் வணிகப் பட்டதாரிகள் 55 சதவீதம் எடுத்திருந்தால் அடிப்படைத் தேர்வை விட்டுவிட்டு நேராக இடைநிலைக்குப் போகலாம். மற்றப் பட்டதாரிகளுக்கு 60. அமெரிக்காவின் சிபிஏ கணக்காயர் உரிமத்துக்கு நீண்ட காலமாக 150 கிரெடிட் என்பதே விதி, அதாவது சாதாரணப் பட்டத்துக்கு மேல் 30. அண்மையில் பல மாநிலங்கள் 120 கிரெடிட்டோடு கூடுதல் அனுபவத்தை ஏற்கும் மாற்றுவழியைச் சட்டமாக்கியிருக்கின்றன. நிதி ஆய்வாளருக்கான சிஎஃப்ஏ தேர்வின் முதல் நிலையைப் பட்டம் முடிய 23 மாதம் இருக்கும்போதே எழுதலாம்.

எம்பிஏ படிக்க இந்தப் பட்டம் வேண்டுமா?

வேண்டாம். எந்தப் பட்டமும் போதும். பிபிஏ முடித்தவுடன் எம்பிஏ போனால் முதல் வருடத்தில் பாதி ஏற்கெனவே படித்ததாக இருக்கும். நடுவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் போவதுதான் உசிதம். 3 வருடப் பட்டத்தோடு வெளிநாட்டு முதுநிலைக்குப் போக நினைத்தால், அந்தப் பல்கலைக்கழகம் 3 வருடத்தை ஏற்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஐரோப்பாவில் அது இயல்பு, வட அமெரிக்காவில் இடத்துக்கு இடம் மாறும்.

நடுவில் பாடத்திட்டம் மாறினால் எந்த விதி எனக்குப் பொருந்தும்?

பொதுவாக நீங்கள் சேர்ந்த வருடத்து விதிப்புத்தகம். புதியதற்கு மாற விரும்பினால் மாறலாம், ஆனால் முழுவதுமாக மாற வேண்டும். பழையதில் பாதி, புதியதில் பாதி என்று வசதிக்கு எடுக்க முடியாது. நீண்ட இடைவெளி விட்டுத் திரும்பி வந்தால் புதிய விதிதான் என்று சொல்லிவிடுவார்கள்.

எல்லாப் பாடமும் முடித்துவிட்டேன். பட்டம் தானாக வந்துவிடுமா?

பல இடங்களில் வராது. பட்டத்துக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு ஒரு கடைசித் தேதி, சில இடங்களில் ஒரு கட்டணமும் இருக்கும். கடைசி செமஸ்டர் தொடங்கும் முன்பே தேவைகளின் சரிபார்ப்புப் பட்டியலைத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, கிரெடிட் எண்ணிக்கை, இரண்டு சராசரிகள், மேல்நிலைப் பாடங்களின் குறைந்தபட்ச அளவு, இங்கேயே படித்த கிரெடிட் என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். எங்காவது ஒரு பாடத்துக்கு விலக்கு தந்திருந்தால் அது பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன ஆலோசகர் அதற்குள் வேறு துறைக்கு மாறிப் போயிருப்பார்.